உங்களுக்குத் தெரியுமா? முதலாமாண்டு பையன்களிடம் தோற்ற சாம்பியன்!

ஒரே கல்லூரியின் இரண்டு அணிகளில் எது பெரிது என்ற வாதம் பெரும்பாலும் கற்பனையில்தான் நடக்கும். லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் அது மைதானத்திலேயே தீர்ந்தது. 1964, 1965 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற சீனியர் அணியை, 1965 நவம்பர் 27 அன்று அதே கல்லூரியின் முதலாமாண்டு மாணவர்கள் 75-60 என்று வீழ்த்தினார்கள்.

● அன்றுதான் புதிய பாலி பெவிலியன் அரங்கில் முதல் ஆட்டம். சீசனுக்கு முந்தைய தரவரிசையில் நாட்டின் நம்பர் 1 அந்தச் சீனியர் அணிதான்!

● ஏழடிக்கு மேல் உயரமான 18 வயது லூ அல்சிண்டர் 31 புள்ளிகள் குவித்தார். 21 ரீபவுண்டுகளையும் பிடித்தார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் கொண்டாடியது இவரைத்தான்.

● முதலாமாண்டு மாணவர்கள் சீனியர் அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் நாட்டின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் ஓர் ஆண்டு முழுக்க சீனியர் அணிக்கு வெளியே காத்திருந்தார். சீனியர் அணியோ 18 வெற்றி, 8 தோல்வியோடு தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. கேல் குட்ரிச் போன்ற நட்சத்திரங்கள் படிப்பு முடித்துப் போயிருந்ததையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

● அடுத்த சீசனில் அந்தப் பையன்கள் சீனியர் அணிக்கு வந்தார்கள். பயிற்சியாளர், முந்தைய இரண்டு பட்டங்களையும் வென்று தந்த அதே ஜான் வுடன். 30 ஆட்டங்கள், 30 வெற்றி, 1967 பட்டம். 1968, 1969 பட்டங்களும் யுசிஎல்ஏவுக்கே!