சாக்கு மூட்டையில் போகும் பூனைகள்

சந்தை வளாகம், கல்யாண மண்டபம், ஓட்டல், அரிசி மண்டி என எந்த இடமானாலும், பூனை பெருகிவிட்டால் நிர்வாகம் முதலில் தேடுவது ஒரு சாக்கைத்தான். வாட்ச்மேன் பிடித்துக் கட்டி, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டு வருவார். "கொல்லவில்லையே, கொண்டுபோய்த்தானே விட்டோம்?" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மனிதரைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான். வளர்ப்பவர் இல்லாத பூனையும் அதில் அடக்கம். வலி உண்டாகும்படி கட்டித் தூக்கிச் செல்வதும், பட்டினியும் தாகமும் வாட்டும் நிலையில் காரணமின்றிக் கைவிடுவதும் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல இடங்களில் கார் நிறுத்தவே அதைவிட அதிகம் கேட்கிறார்கள்! விஷம் வைத்தாலோ, கொன்றாலோ, ஊனமாக்கினாலோ கதை வேறு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

"எலிக்கு வைத்ததைப் பூனை தின்றுவிட்டது" என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். விஷம் தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை எளிதாகப் பிடிக்கும். பிடித்தால் அதற்கும் விஷம் ஏறும். பூனை உலவும் குடோனில் விஷத்துக்குப் பதில் எலிப்பொறி வையுங்கள்.

சட்டத்தை விடுங்கள், சாக்கால் காரியமாவது ஆகிறதா? மீன் கழிவும் எச்சில் இலையும் திறந்து கிடக்கும்வரை பக்கத்துத் தெருப் பூனை வந்து குடியேறும். பெட்டைப் பூனை ஆறு மாதத்துக்கு உள்ளேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஆகவே குப்பைத் தொட்டிக்கு மூடி, பூனைகளுக்குக் கருத்தடை, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். கூண்டில் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கம் தெளியுமுன் இடது காது நுனியைக் கத்தரித்து, தேறியதும் பிடித்த இடத்திலேயே விடுவார்கள். காது நுனி இல்லாத பூனையை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கடுவன்களின் இரவுச் சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். பால் கொடுக்கும் தாயைப் பிடிக்கும் முன் குட்டிகள் எங்கே என்று தேடிவிடுங்கள்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. சமையற்கட்டிலும் உணவுக் கிடங்கிலும் பூனை நுழையக் கூடாதுதான். கம்பிவலை அடித்துத் தடுப்பது வதை ஆகாது. தனியார் வளாகத்துக்குள் சோறு வைக்க வருபவர் உரிமையாளரிடம் கேட்டு, ஓரிடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை அள்ளிப்போக வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பூனைகளைப் பிடிக்கப்போவதாகத் தெரிந்தால் நிர்வாகத்துக்கு உடனே எழுத்தில் கொடுங்கள். கருத்தடைச் செலவைக் கடைகள் பகிரலாம் என்ற யோசனையும் அதில் இருக்கட்டும். விஷம் என்று சந்தேகம் வந்தால் உடலைப் புதைக்காதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அரசுக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனையைக் கேளுங்கள். பழைய சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பத்திரப்படுத்தும்படியும் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.