மேகப் படங்களிலிருந்து வீடியோ தயாரித்தல்

புது டில்லியில் லோதி சாலையிலுள்ள மௌசம் பவனில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் அமைந்துள்ளது. 2016-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற இன்சாட்-3டிஆர், 2024-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற இன்சாட்-3டிஎஸ் ஆகிய செயற்கைக்கோள்கள் எடுக்கும் மேகப் படங்களை இத்துறை தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறது. ஒரு செயற்கைக்கோளின் படக்கருவி ஏறக்குறைய அரைமணிக்கு ஒரு முறை பூமியின் முழு முகத்தையும் படமெடுக்கும். எனவே, நாளொன்றுக்கு 48 படங்கள் கிடைக்கக்கூடும். தனிப் படம் ஒன்று, மேகம் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே உணர்த்தும். அது எத்திசையில் நகர்கிறது, வளர்கிறதா அன்றித் தேய்கிறதா என்பன படங்களை வரிசையாக ஓடவிட்டாலன்றி விளங்கா.

இப்படங்களுடன் விளக்கவுரையைச் சேர்த்து வீடியோவாக்கினால், அது வகுப்பறைக்கும் கிராமக் கூட்டத்திற்கும் மிகவும் பயன்படும். இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்பவர் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளே இப்பணிக்குப் போதுமானது. அதனை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் செய்யலாம். அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருள்களை ஏற்பது பற்றிய கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

குறியேற்றம் ஏன் தேவை?

அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் கொண்ட வண்ணப் படம் ஒன்றிற்கு, புள்ளிக்கு 3 பைட்டு வீதம் 62,20,800 பைட்டுகள் தேவை. விநாடிக்கு 24 படங்களாக 24 விநாடி ஓடும் வீடியோவை உள்ளவாறே சேமித்தால், அது 358 கோடி பைட்டுகளை மிஞ்சிவிடும். அத்தகைய கோப்பைக் கைப்பேசி வழியே அனுப்புதல் இயலாது.

இக்குறையைப் போக்குவதே குறியேற்றம். அடுத்தடுத்த இரு படங்களில் கடற்கரையும் எல்லைக் கோடுகளும் மாறுவதில்லை, மேகமே மாறுகிறது. ஆதலின், ஒரு படம் முழுமையாகப் பதியப்பெற்று, பின்வருவனவற்றில் பெரும்பாலும் வேறுபாடுகள் மட்டும் பதியப்பெறுகின்றன. ஹெச்.264 என்னும் முறை இவ்வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான கைப்பேசிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அதனை அறியும். ஒலி தனியே குறியேற்றப்பட்டு, படத்துடன் ஒரே கோப்பில் வைக்கப்பெறுகிறது. எம்பி4 என்பது இவ்விரண்டையும் தாங்கும் கொள்கலத்தின் பெயரேயன்றிக் குறியேற்ற முறையின் பெயரன்று.

வேகத்தைக் கணித்தல்

நாள் முழுவதையும் காட்டும் வீடியோவிற்கு அகச்சிவப்புப் படங்களையே கொள்ளுதல் வேண்டும். சாதாரண ஒளியில் எடுத்த படங்கள் இரவில் இருண்டுவிடும். படங்களின் எண்ணிக்கையை உரையின் விநாடிகளால் வகுத்தால், ஓட வேண்டிய வேகம் கிடைக்கும். உரை 24 விநாடியாயின், 48 படங்கள் விநாடிக்கு 2 வீதம் ஓடும். அஃதாவது, வீடியோவின் ஒரு விநாடி வானத்தின் ஒரு மணி நேரத்திற்குச் சமம். நள்ளிரவில் தொடங்கும் வீடியோவில் 12-ஆம் விநாடி நண்பகலாகும். உரையையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். கிரீனிச் நேரம் மட்டும் குறிக்கப்பெற்ற படங்களில் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும்.

விநாடிக்கு 2 படங்கள் என்னும் குறைந்த வேகத்தில் சில கருவிகள் தடுமாறும். எனவே, உள்ளீட்டு வேகத்தை 2 என்றும், வெளியீட்டு வேகத்தை 24 என்றும் குறித்தல் நலம். ஒவ்வொரு படமும் 12 முறை திரும்பத் தோன்றும். மாற்றம் இன்மையால் கோப்பு அதிகம் பெருக்காது.

விடுபட்ட படம்

சில வேளைகளில் இடையே ஒரு படம் கிடைக்காமற் போகலாம். எஃப்எஃப்எம்பெக் 001, 002 என எண்ணிட்ட படங்களை வரிசையாகப் படிப்பது. ஓர் எண் விடுபட்டால் அவ்விடத்திலேயே நின்றுவிடக்கூடும். உடனே எஞ்சிய படங்களுக்குப் புதிதாக எண்ணிட்டு இடைவெளியை மூடிவிடத் தோன்றும். இது பெரும் பிழைக்கு இடந்தரும்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் ஒன்றைக் கொள்வோம். அரைமணியில் அது 7.5 கிலோமீட்டர் செல்லும். ஒரு படம் மறைந்தால், அடுத்த படத்தில் அது 15 கிலோமீட்டர் தாவியதாகத் தோன்றும். புயல் திடீரென விரைந்தது என்றே காண்பவர் எண்ணுவர். அதன் பின்னர் உரையும் நேரமும் பொருந்தா. ஆகவே, விடுபட்ட எண்ணில் 'இந்நேரப் படம் இல்லை' என்று எழுதிய அட்டைப் படமொன்றை வைத்தலே முறை. இடைப்பட்ட படங்களைத் தாமே கற்பித்து ஓட்டத்தை மென்மையாக்கும் வசதிகளும் சில மென்பொருள்களில் உண்டு. அவற்றை இங்கே தவிர்த்தல் வேண்டும். அவை காட்டும் மேகங்கள் எந்த வானத்திலும் இருந்தவையல்ல.

சரிபார்த்தல்

ஹெச்.264 முறையில் வழக்கமாகக் கையாளப்பெறும் வண்ண அமைப்பிற்குப் படத்தின் அகலமும் உயரமும் இரட்டை எண்களாக இருத்தல் அவசியம். அவ்வமைப்பு வண்ண விவரத்தைக் குறைத்தே பதிவதால், மெல்லிய வண்ணக் கோடுகளும் சிறிய எழுத்துக்களும் மங்கக்கூடும். எக்ஸ்264 என்னும் குறியேற்றியில் தரத்தைக் குறிக்கும் எண் 0 முதல் 51 வரை உண்டு. எண் குறையத் தரம் உயரும். எதுவும் குறிப்பிடாவிடில் 23 கொள்ளப்படும். படத்தின் மேலுள்ள நாளும் நேரமும் தெளிவாகப் படிக்க முடியாவிடில் எண்ணைக் குறைத்து மீண்டும் குறியேற்ற வேண்டும். குறியேற்றத்தில் இழந்த விவரம் திரும்பக் கிடைக்காது. எனவே மூலப் படங்களை அழித்துவிடலாகாது.

இவ்வாறு தயாரித்த வீடியோ மேகத்தின் போக்கை விளக்குவதற்கு உரியதேயன்றி, முன்னறிவிப்பிற்கு ஈடாகாது. கடலுக்குச் செல்வோரும் அறுவடைக்கு நாள் குறிப்போரும் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையையே பின்பற்றுதல் வேண்டும். அவ்வெச்சரிக்கையின் பொருளை அவர்கள் நன்குணரச் செய்வதே இவ்வீடியோவின் பயனாம்.