பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க!



நம்ம வானூர் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டும் வேலை நிறைய நடக்கிறது. அப்போது பரணில் இருந்து இறங்கும் பழைய பாட்டில், டம்ளர், ஜாடி எல்லாம் நேராகப் பழைய சாமான் வண்டிக்குப் போய்விடுகிறது. எடை போட்டால் சில்லறைக் காசுதான் வரும். ஆனால் ஒவ்வொரு கண்ணாடிச் சாமானும் தன் வயசைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு வருஷமாக நான் பழைய பாட்டில் சேர்க்கிறேன். இதுவரை 23 சேர்ந்திருக்கிறது. வயசை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கோலி சோடா பாட்டிலை எடுத்துக்கொள்வோம். இதைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-இல் காப்புரிமை பெற்றார். கழுத்துக்குள் ஒரு கோலி, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பாட்டிலைத் தலைகீழாக வைத்து கேஸ் கலந்த தண்ணீரை நிரப்பும்போது கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளே இருக்கும் கேஸ் அதை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியே வேண்டாம்! கழுத்தில் இருக்கும் குழிகள் அழகுக்கு இல்லை. சாய்த்துக் குடிக்கும்போது கோலி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், வழியை அடைக்காது.

1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த மூடி பரவியதும் இங்கிலாந்தில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. நம்ம ஊரிலும் ஜப்பானிலும் இன்னும் இருக்கிறது. ஆனால் ரொம்பப் பழைய பாட்டில் முழுசாகக் கிடைப்பது கஷ்டம். காரணம் நாமதான்! கோலிக்காகப் பசங்க உடைத்துவிடுவார்கள்.

சரி, வயசு பார்க்கும் வழிகள்:

1. அச்சு வரி: பாட்டிலின் பக்கவாட்டில் நூல் மாதிரி ஒரு கோடு ஓடும். அது வாய் விளிம்பு வரை போனால் முழுக்க இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கலாம். முழுத்தானியங்கி பாட்டில் இயந்திரத்தை மைக்கேல் ஓவன்ஸ் என்ற அமெரிக்கர் 1903 வாக்கில் கொண்டுவந்தார். நம் நாட்டில் கைவேலை அதற்குப் பிறகும் நடந்தது. அதனால் இதை மட்டும் வைத்து வருஷம் சொல்லக்கூடாது.

2. குமிழி: வெயிலில் தூக்கிப் பாருங்கள். உள்ளே குட்டிக் குமிழிகளும், ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு என்றும் இருந்தால் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. நிறம்: லேசான பச்சை என்றால் மணலில் இருக்கும் இரும்பு கொடுத்த நிறம். நிறத்தைப் பார்த்து வயசு சொல்ல முடியாது, ஆனால் மலிவான மணல் என்று சொல்லலாம்.

4. எழுத்து: இதுதான் முக்கியம். 'அவுன்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் மெட்ரிக் அளவு பரவிய 1960-களுக்கு முந்தையது. 6 இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. நம்ம பக்கத்து ஊர்ப் பெயரோடு 'தென்னாற்காடு' என்று இருந்தால், 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய அச்சு. சமூக அறிவியல் பாடம் பாட்டிலுக்கும் உதவுது பாருங்க!

'மலிவுச் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று சிலர் கேட்கலாம். 1929-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாத அந்தக் காலத்தில் ரோஸ், பச்சை, தேன் நிறங்களில் அச்சில் அழுத்திச் செய்த மலிவுத் தட்டு, டம்ளர்களை ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் டீத்தூளுக்கு டம்ளர் இலவசம் கொடுப்பதுபோலத்தான்! இன்று அதே தட்டுகளைப் பூ வேலைப்பாட்டை வைத்து அடையாளம் கண்டு, தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? பாண்டிச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1937-இல் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை விலைக்கு வாங்கினார். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியோடு நடந்த வியாபாரம் தெரியவந்தது. மணி பொறுக்கிய அந்தப் பசங்களும் நம்மைப் போன்றவர்கள்தானே!

என்னிடம் இருப்பதில் ஒரு சோடா பாட்டில் எங்க தாத்தா காலத்துக் கடையுடையது. அந்தக் கடை இப்போது இல்லை, போர்டும் இல்லை. கடைப் பெயர் மிச்சம் இருப்பது அந்தப் பாட்டிலில் மட்டும்தான். அது உடைந்தால் பெயரும் போச்சு.

ஆகவே நண்பர்களே, பழைய பாட்டில் கிடைத்தால் சாம்பல் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். யார் வீட்டில், எந்த ஊரில் கிடைத்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். குப்பைமேட்டில் வெறுங்கையால் கிளறாதீர்கள், கை கிழிந்துவிடும். வண்டிக்காரர் மணி அடிக்கும் முன்னால் நீங்கள் பரணில் ஏறிப் பாருங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்