சென்னையில் இருந்து கண்டுபிடித்த விண்பாறைக்கு 2 நிலா! பூமியில் வந்து மோதுமா?

திருப்பூர்:
நுங்கம்பாக்கம் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது மழை அளவு தான். இன்று வானிலை மையம் செயல்படும் அந்த வளாகத்தில் ஒரு காலத்தில் மெட்ராஸ் வான் ஆய்வகம் இருந்தது. 1866-ம் ஆண்டு மே 16-ந்தேதி இங்கிருந்து தான் ‘சில்வியா’ என்ற சிறுகோளை ஆங்கிலேய விஞ்ஞானி நார்மன் போக்சன் கண்டுபிடித்தார்.

‘விண்கல் வருது, பூமி அழியப்போகுது’ என்று அடிக்கடி புரளி கிளம்புகிறது. சில்வியாவை நினைத்து பயப்பட வேண்டியதே இல்லை. அதுபற்றிய விவரம் வருமாறு:-

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனை சுற்றுகின்றன. அதில் ஒன்று தான் சில்வியா. சூரியனில் இருந்து சராசரியாக 52 கோடி கி.மீ. தூரத்தில் உள்ளது. ஒரு சுற்று முடிக்க 6½ வருஷம் ஆகும். அதன் பாதை பூமியின் பாதையை தொடுவதே இல்லை. எவ்வளவு நெருங்கினாலும் நமக்கும் அதற்கும் 30 கோடி கி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கும். வெறும் கண்ணுக்கு தெரியாது.

ஆனால் ஆள் சின்னது இல்லை. உருளைக்கிழங்கு போல நீண்ட வடிவம். நீளம் மட்டும் 360 கி.மீ.க்கு மேல். திருப்பூரில் இருந்து கிளம்பி நேர்கோட்டில் போனால் கிட்டத்தட்ட சென்னையை தொட்டு விடலாம்.

தன்னைத்தானே சுற்றுவதில் படுவேகம். ஒரு சுற்றுக்கு 5 மணி 11 நிமிடம். பனியன் கம்பெனியில் 8 மணி நேர ஷிப்ட் முடிவதற்குள் சில்வியா ஒன்றரை சுற்று சுற்றி விடும்!

இவ்வளவு பெரிய பாறைக்கு எடை மட்டும் குறைவு. அதன் அடர்த்தி தண்ணீரை விட கொஞ்சம் தான் அதிகம். கட்டிங் வேஸ்ட்டை அழுத்தாமல் மூட்டை கட்டினால் உள்ளே இடைவெளி இருக்குமே, அதுபோல பாறைத்துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

எடை எப்படி தெரிந்தது? அதற்கு உதவியது 2 குட்டி நிலாக்கள். போக்சன் கண்டுபிடித்து 135 வருஷம் கழித்து, 2001-ல் முதல் நிலா சிக்கியது. இரண்டாவது நிலா பற்றி 2005-ல் அறிவித்தார்கள். நிலா சுற்றும் தூரத்தையும் நேரத்தையும் வைத்து தாய்ப்பாறையின் எடையை கணக்கு போட்டு விடலாம்.

ரோமானிய புராணத்தில் ரியா சில்வியாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் பெயரான ரோமுலஸ், ரெமஸ் தான் நிலாக்களுக்கும். இரண்டு நிலாக்கள் உண்டு என்று முதன்முதலில் தெரிய வந்த சிறுகோள், நம்ம நுங்கம்பாக்கத்தில் இருந்து கண்டுபிடித்தது என்பது குறிப்பிடத்தக்கது.