அக்காவின் பல்லும் நாலாவது குழாயும்

எங்கள் அக்காவின் தேன்குழலுக்கு மேற்கு மாம்பலத்தில் நல்ல பெயர் உண்டு. வாயில் போட்டால் 'நொறுக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த விநாடி கரைந்துவிடும். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலிருந்தே அண்டை வீட்டு மாமிகள் "மாவு என்ன பக்குவம்?" என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

சென்ற வருஷம் தீபாவளியன்று காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, விசித்திரமான காட்சி ஒன்றைக் கண்டேன். அக்கா சமையலறை மூலையில் உட்கார்ந்து, தேன்குழலைத் துண்டு துண்டாக உடைத்துக் காப்பியில் ஊறப் போட்டு, ஸ்பூனால் எடுத்து இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்!

"என்ன அக்கா இது, கோலம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லைடா. வயசாச்சோல்லியோ?" என்றாள்.

அக்காவுக்கு வயது 46. இந்த வயதில் தேன்குழலைக் காப்பியில் ஊற வைத்துச் சாப்பிடுவதென்றால், 70 வயதில் என்ன செய்வதாம்? பத்திரிகைக்காரனாயிற்றே, விட்டுவிடுவேனா? குறுக்கு விசாரணை செய்து விஷயத்தைக் கறந்துவிட்டேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அக்காவுக்கு வலது பக்கம் மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. பக்கத்துத் தெருவில் ஒரு பல் வைத்தியரிடம் போயிருக்கிறாள். "ரூட் கெனால் செய்து, மேலே கேப் போட்டுவிடலாம்" என்று சொல்லி, இரண்டே தடவையில் வேலையை முடித்துவிட்டார். மாதச் சீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. பணம் போனது போகட்டும். வலி போகவில்லையே! முதலில் கடித்தால் வலி. பிறகு ஈறில் சின்னக் கொப்புளம். அது உடைவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. வாயில் ஒரு கசப்பு. யாருடனாவது நெருங்கி நின்று பேசக் கூச்சம்.

மூன்று தடவை அதே வைத்தியரிடம் போயிருக்கிறாள். முதல் தடவை, "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார். இரண்டாம் தடவை, மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் தடவை என்ன சொன்னார் தெரியுமா? "நரம்பையே எடுத்தாச்சு அம்மா. வலிக்க அங்கே என்ன இருக்கு? எல்லாம் உங்க மனப் பிரமை!"

அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்திம்பேரிடம்கூடச் சொல்லவில்லை. எட்டு மாதமாக ஒரே பக்கம் மென்றுகொண்டு, இரண்டு பேருக்கு டிபன் கட்டிக்கொடுத்துக்கொண்டு, நாலு படி தேன்குழலும் பிழிந்திருக்கிறாள்!

"சொன்னா, 'இவ்வளவு பணம் கொடுத்தியே, விசாரிக்காம ஏன் போனே?'ன்னு கேட்பா. எனக்கே அப்படித்தான் தோணித்து. பேசாம பிடுங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

வாசக நேயர்களே! வலியைவிட இந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. மோசமாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத் தையற்காரரிடம் விசிறியடித்துச் சண்டை போடுகிற அக்கா, மோசமாகச் செய்யப்பட்ட பல்லுக்கு மட்டும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். உங்களில் எத்தனை பேர் இப்படி ஒரே பக்கம் மென்றுகொண்டிருக்கிறீர்களோ?

பல்லுக்குள் ஒரு வீடு

அக்காவுக்கு நேர்ந்தது என்ன என்று புரிய வேண்டுமானால், பல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியும் வெள்ளைச் சுவருக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே மிகவும் கெட்டியான பொருள் அதுதான். அதற்குள்ளே எலும்பு போன்ற ஒரு சுவர். அதற்கும் உள்ளே ஒரு சின்ன அறை. அந்த அறையில் நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய மெல்லிய சதை இருக்கிறது. அறையிலிருந்து வேர்களின் நுனி வரை மயிரிழை போன்ற குழாய்கள் இறங்குகின்றன. சொத்தை உள்ளறை வரைக்கும் போய்விட்டால் அந்தச் சதை அழுகிப்போகிறது. அப்போது பல்லைப் பிடுங்காமல், அறையையும் குழாய்களையும் சுத்தம் செய்து, மருந்து நீரால் அலசி, இடைவெளியில்லாமல் அடைத்துவிடுவதுதான் ரூட் கெனால் சிகிச்சை.

அடைக்கும் பொருள் என்ன தெரியுமா? 'கட்டபார்ச்சா' என்று மலாய் நாட்டு மரத்துப் பால்! 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, தண்ணீர் புகாமல் கம்பிக்குச் சுற்றியதும் இதே கட்டபார்ச்சாதான். கடலையே உள்ளே விடாத பொருள், வாயில் ஊறும் எச்சிலையா விடப்போகிறது? ஆனால் ஒன்று: சரியாக அடைத்திருக்க வேண்டும்!

அக்காவின் பல் மேல் வரிசையில் முதல் கடைவாய்ப் பல். அதற்கு மூன்று வேர்கள். வேருக்கு ஒன்றாக மூன்று குழாய் என்று நினைத்தால் ஏமாந்தோம். கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பெரும்பாலோருக்கு இரண்டு குழாய்கள் இருக்கும். இந்த நாலாவது குழாய் இருக்கிறதே, அது சரியான கள்ளன். தேடினால்தான் அகப்படும். அவசரக்காரர்கள் மூன்றை அடைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நாலாவதில் அழுக்கு அப்படியே தங்கி, வேர் நுனியில் சீழ் பிடிக்கும். "நரம்பையே எடுத்தாச்சு" என்று சொன்னாரே வைத்தியர், அது முக்கால் உண்மை. வலி மிச்சக் காலில் இருந்தது!

இதற்கு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதுமா? போதாது. மருந்து ரத்தத்தோடுதான் போக வேண்டும். செத்துப்போன குழாய்க்குள் ரத்த ஓட்டமே இல்லை. ஆகையால் மாத்திரை சாப்பிடுகிறவரை வீக்கம் அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும்.

படம் சொன்ன சாட்சி

அத்திம்பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று அக்கா பயந்தாளே, அவர் செய்தது இதுதான்: கையிலிருந்த தேன்குழலைத் தட்டில் வைத்துவிட்டார். "எட்டு மாசமா? எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் பட்சணத்தைத் தொடவே இல்லை.

பல் வைத்தியத்தில் பி.டி.எஸ். படித்த பிறகு, வேர் சிகிச்சைக்கென்றே மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் டாக்டரிடம் அக்காவை அழைத்துப்போனோம்.

அவர் முதலில் பல்லைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். நமக்கு இது ஒரு நிமிஷ வேலை. ராண்ட்ஜன் 1895-ல் இந்தக் கதிரைக் கண்டுபிடித்த சில வாரங்களுக்குள், 1896-ல், ஜெர்மனியில் வால்கோஃப் என்ற பல் வைத்தியர் தம்முடைய பல்லையே படம் பிடித்தார். அதற்காக அவர் 25 நிமிஷம் அசையாமல் படுத்திருந்தாராம்! அந்தப் புண்ணியவானுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். வேர் நுனியில் மிளகு அளவு கறுப்பு நிழல். "இது சீழ் அரித்த எலும்பு. அடைப்பும் வேரின் நடுவில் இல்லை, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கு. பக்கத்திலே இன்னொரு குழாய் இருக்கணும்" என்றார். முப்பரிமாணப் படம் ஒன்றும் எடுத்துப் பார்த்தார். இருந்தது, அந்த நாலாவது கள்ளன்! போதாததற்கு, கேப்பின் விளிம்பும் பல்லோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் சாப்பாடு சிக்கித்தான் ஈறு புண்ணாகியிருக்கிறது.

அக்கா வெகு நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... எனக்குப் பிரமை இல்லையே, டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லவே இல்லை, அம்மா. இவ்வளவு நாள் நீங்க எப்படிப் பொறுத்தீங்கன்னுதான் எனக்குப் புரியலை" என்றார் டாக்டர்.

எட்டு மாத வலியில் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, அப்போது புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பழுது பார்த்த விதம்

இப்படிப்பட்ட பல்லுக்கு வழி மூன்று. பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி வேர் சிகிச்சை செய்வது ஒன்று. அது முடியாவிட்டால், ஈறைத் திறந்து வேரின் நுனியை மட்டும் வெட்டி அடைப்பது இரண்டாவது. பல் கீழே வரை பிளந்துபோயிருந்தால், பிடுங்கிவிட்டு வேறு பல் வைப்பது கடைசி வழி. அக்கா கடைசி வழியை முதல் வழியாக நினைத்துக்கொண்டிருந்தாள்!

கேப்பை அறுத்து எடுத்தார்கள். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை மாட்டினார்கள். எச்சில் உள்ளே போகாமலும், சின்ன ஊசிகள் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது. 1864-ல் அமெரிக்காவில் பார்னம் என்ற பல் வைத்தியர் கண்டுபிடித்த உபாயம் இது. "போன தடவை இதெல்லாம் மாட்டவே இல்லையே!" என்று அக்கா பிற்பாடு ஆச்சரியப்பட்டாள். பிறகு பழைய கட்டபார்ச்சாவைக் கரைத்து எடுத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகத் தேடி நாலாவது குழாயைப் பிடித்தார்கள். மருந்து வைத்து மூடி, இரண்டு வாரம் கழித்து நான்கையும் அடைத்தார்கள். அடைத்ததும் மறுபடி ஒரு எக்ஸ்ரே. அதன் பிறகுதான் புது கேப். மொத்தம் ஐந்து தடவை போனோம்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் வைத்தியரைப் பற்றி இந்த டாக்டர் ஒரு வசவு வார்த்தை சொல்லவில்லை. "எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சில பல் கெட்டுப்போவதுண்டு. நாலாவது குழாய் எனக்கே தப்பியிருக்கிறது. தப்புவது குற்றமில்லை, நோயாளி வலி என்று திரும்பி வரும்போது படம் எடுத்துப் பார்க்காததுதான் குற்றம்" என்றார். நியாயமான பேச்சு!

நீங்கள் கேட்க வேண்டியவை

பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாது. ஆகையால் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலாவது: "இந்தப் பல்லுக்கு எத்தனை குழாய்? எல்லாம் அடைந்தாயிற்றா?" இரண்டாவது: "முடித்த பிறகு எக்ஸ்ரே எடுப்பீர்களா? அதை எனக்குக் கொடுப்பீர்களா?" மூன்றாவது: "ரப்பர் தாள் போடுவீர்களா?" நான்காவது: "சரியாகாவிட்டால் அடுத்தபடி என்ன?" ஐந்தாவது: "மொத்தம் என்ன செலவு? எழுதித் தர முடியுமா?" நல்ல வைத்தியர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பதில்!

வேர் சிகிச்சைக்குப் பிறகு சில நாள் கடிக்கும்போது நோவது சகஜம். நாளாக ஆகக் குறைய வேண்டும். குறையாமல் நீடித்தாலோ, ஈறில் கொப்புளம் வந்தாலோ, கேப் மற்றப் பல்லுக்கு முன்னால் இடித்தாலோ, தயங்காமல் திரும்பிப் போங்கள். அங்கே கேட்காவிட்டால் வேறு டாக்டரிடம் போங்கள். வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்ளாதீர்கள். ஈறு வெந்து புண்ணாகும். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாயிருந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது உயிருக்கே ஆபத்து.

பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை நியாயமானதே. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசினர் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. வேர் சிகிச்சைக்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் மாணவர் செய்தாலும் மேலே ஓர் ஆசிரியர் நின்று பார்ப்பார்.

சட்டமும் உங்களைக் கைவிடவில்லை. பதிவு பெறாதவர்கள் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே மூன்றும் வேண்டும். ஆகவே அவற்றை மளிகைக் கணக்கோடு போட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

அக்கா கோர்ட்டுக்குப் போகவில்லை. முதல் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு எக்ஸ்ரே நகல்களையும் இணைத்தாள். பத்து நாளில் கேப்புக்கு வாங்கிய பணம் திரும்பி வந்தது. கடிதத்தின் கடைசி வரியை எனக்குக் காட்டினாள்: "அடுத்தபடி ஒருத்தி வந்து வலிக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து அவளை நம்புங்கள்."

வேர் நுனியில் அரித்த எலும்பு வளர மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் மிளகு கடுகாகியிருந்தது. மிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷத் தீபாவளியன்றும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து அத்திம்பேருடன் பேசிக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பக்கம் 'நொறுக்'கென்று ஒரு சத்தம். அத்திம்பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"வலது பக்கம்தானே?" என்று உரக்கக் கேட்டார்.

"ஆமாம், ஆமாம்! வலது பக்கமேதான்!" என்று பதில் வந்தது.

அத்திம்பேர் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து ஒரு தேன்குழலை எடுத்துக்கொண்டார்.