மூன்றே முக்கால் சுற்று

சென்ற வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டம். முதலாவது சுற்று முடியும்போது நான்தான் முன்னால். எங்கள் இல்லக் கூடாரமே எழுந்து நின்று கத்தியது. ஓட்டம் முடியும்போது நான் கடைசி ஆள். "முன்னுக்குப் போனது நீதானே, பொறகு என்ன நடந்த?" என்று உம்மா கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. விடையைத் தேடிப் போனபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

800 மீற்றர், 1500 மீற்றர் ஆகியன நடுத்தூர ஓட்டங்கள். 400 மீற்றர் ஓடுபாதையில் முன்னையது இரண்டு சுற்று. பின்னையது மூன்றே முக்கால் சுற்று. 800 மீற்றரில் முதல் வளைவு முடியும் வரை மட்டுமே அவரவர் தடத்தில் ஓட வேண்டும். 1500 மீற்றரில் வளைந்த கோடொன்றிலிருந்து எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவர். உள்ளே ஓடினால் மற்றவர்களிடையே அடைபட்டுப் போகலாம். வெளியே இரண்டாம் தடத்தில் ஓடினாலோ ஒரு சுற்றுக்கு ஏழு மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓட நேரும். ஆகவே கால்களோடு கண்களும் மூளையும் சேர்ந்தே ஓட வேண்டும்.

விஞ்ஞான பாடத்தில் காற்றுச் சுவாசம், காற்றின்றிய சுவாசம் என்று படிக்கிறோம். 100 மீற்றர் ஓடுபவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது போதும். மரதன் ஓடுபவர் முதலாவதையே நம்பியிருக்கிறார். நடுத்தூரக்காரிக்கு இரண்டும் வேண்டும். தொடக்கத்திலேயே பாய்ந்தால் ஒட்சிசன் வந்து சேரும் வேகம் போதாது, தசைகளில் அமிலத்தன்மை கூடும், கால் கல்லாகிவிடும். உம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். கடைசிச் சுற்றுக்கான பலத்தை நான் முதல் சுற்றிலேயே செலவழித்துவிட்டேன்.

பலத்தைப் பார்த்துச் செலவழித்த ஒருத்தியின் கதையும் எனக்குக் கிடைத்தது. உலக கனிஷ்ட மெய்வல்லுநர் போட்டிகள் 1986 இல் ஏதென்ஸ் நகரில் ஆரம்பமாகின. 2012 இல் அவை பார்சிலோனாவில் நடைபெற்றன. அங்கு 1500 மீற்றரில் கென்யாவின் 18 வயது ஃபெய்த் கிப்யேகன் 4 நிமிடம் 4.96 செக்கனில் ஓடி, போட்டிச் சாதனையோடு தங்கம் வென்றார். அதாவது ஒரு சுற்றுக்குச் சராசரியாக 65 செக்கன். அதே அரங்கில்தான் இருபது வருடங்களுக்கு முன் அல்ஜீரியாவின் ஹசீபா பூல்மெர்க்கா இதே தூரத்தை வென்று, தனது நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்தார்.

ஆனால் அடுத்த மாதம் லண்டன் ஒலிம்பிக்கில் கிப்யேகன் முதற்சுற்றோடு வெளியேறினார். கனிஷ்ட வெற்றி பெரியவர்களின் களத்துக்குப் போதவில்லை. அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. 2016 ரியோ, டோக்கியோ, 2024 பாரிஸ் ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் இடையில் ஒரு மகளுக்குத் தாயுமானார். 2025 இல் 3 நிமிடம் 48.68 செக்கனில் ஓடி உலக சாதனையைப் புதுப்பித்தார். பதின்மூன்று வருட உழைப்பில் அவர் குறைத்தது சுமார் பதினாறு செக்கன்!

நமது நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. வலல ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி தருஷி கருணாரத்ன 2023 இல் ஆசிய கனிஷ்ட போட்டியில் 800 மீற்றரில் தங்கம் வென்றார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் அதே தூரத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. ஆசிய விளையாட்டு விழாவின் மெய்வல்லுநரில் 2002 இற்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் "ஓட்டமெல்லாம் போதும்" என்றுதான் பல வீடுகளில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பெற்றோரின் பயம் நியாயமானதே. ஆனால் பரீட்சையும் மூன்றே முக்கால் சுற்றுத்தானே? முதல் மாதம் இரவிரவாக விழித்துவிட்டுக் கடைசி மாதம் களைத்து விழக்கூடாது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது மைதானம்தான். இதைச் சொன்னபோது வாப்பா சிரித்தார், மறுக்கவில்லை.

இந்த வருடம் முதல் சுற்றில் நான் ஏழாவது. கூடாரத்தில் யாரும் எழும்பவில்லை. மணி அடித்தபோது எனக்கு மூச்சு மிச்சமிருந்தது. மூன்றாவதாக ஓடி முடித்தேன். இம்முறை உம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை; தண்ணீர்ப் போத்தலைத்தான் நீட்டினார்.