வேலை தர்றேன்... ஆப்பை டவுன்லோடு பண்ணு!

'உங்க ப்ரொஃபைல் சூப்பர். ஃபாரின் வேலை ரெடி. இன்டர்வியூவுக்கு இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க!' லிங்க்ட்இன்ல இப்படி ஒரு மெசேஜ் வந்தா என்ன செய்வீங்க?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சாயங்காலம் அரட்டை அடிக்கும் எங்க செட்டில் கேட்டேன். ஆறு பேரில் அஞ்சு பேர், "இதுல யோசிக்க என்னடா இருக்கு? உடனே டவுன்லோடுதான்!" என்றார்கள். ஆறாவது ஆள் நான். போன மாசம் வரை நானும் அதே கட்சிதான்!

நாக்பூரில் ஒரு இளம் இன்ஜினீயர் இப்படித்தான் மாட்டினார். பிரமோஸ் ஏவுகணை நிறுவனத்தில் வேலை, டி.ஆர்.டி.ஓ-வின் இளம் விஞ்ஞானி விருது என்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தவர், 2018 அக்டோபரில் கைதானார். லிங்க்ட்இனில் 'செஜல் கபூர்' என்ற பெண் வெளிநாட்டு வேலை ஆசை காட்ட, அவர் சொன்ன மூணு ஆப்களைத் தன் சொந்த லேப்டாப்பில் ஏற்றினார் என்பது வழக்கு. செஜலும் போலி, ஆப்களும் போலி. உள்ளே இருக்கும் ஃபைல்களைச் சத்தமில்லாமல் சுருட்டும் வேலை அவற்றுக்கு. அந்த லேப்டாப்பில் ஆபீஸ் ஆவணங்களும் இருந்ததுதான் கொடுமை.

2024 ஜூனில் ஆயுள் தண்டனை. 2025-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, உளவுக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. ரகசியத்தைக் கவனமாகப் பாதுகாக்கவில்லை என்ற குற்றம் மட்டும் நின்றது. அதற்கு 3 வருஷம். அதாவது பாஸ்... அவர் உளவாளி இல்லை. அசால்ட்டாக இருந்தார், அவ்வளவுதான்! அதற்கே இத்தனை வருஷம் போய்விட்டது.

'ராணுவ ரகசியம் எல்லாம் நம்மகிட்ட ஏது?' என்கிறீர்களா? 2022-ல் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற ஆன்லைன் கேம் கம்பெனியில் திருடு போனது சுமார் 60 கோடி டாலர். இன்ஜினீயர் ஒருவர் போலி வேலைக்கான ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப்-ஐத் திறந்ததுதான் ஆரம்பம் என்று செய்திகள் வந்தன.

இப்போ என் கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். முதல் வாரமே கழுத்தில் ஐ.டி. கார்டோடு செல்ஃபி எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாச்சு. பத்தே நிமிஷத்தில் சிஸ்டம் அட்மின் அண்ணா கூப்பிட்டார். "தம்பி, போட்டோல நீ அழகாத்தான் இருக்கே. பின்னாடி போர்டுல இருக்கிற சர்வர் பாஸ்வேர்டு அதைவிட அழகா தெரியுது!"

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார் மனுஷன். திட்டவே இல்லை, அதுதான் உறுத்தியது. (பாஸ்வேர்டை போர்டில் எழுதினது யாருன்னு நானும் கேட்கலை!)

"ஃபயர்வாலை உடைக்கிறது கஷ்டம். உன்னை உடைக்கிறது ஈஸி" என்றார். எந்த டீம், மேனேஜர் யார், யார் லீவு... எல்லாத்தையும் நாமே போஸ்ட் பண்ணிவிடுகிறோம். அப்புறம் மேனேஜர் படத்தை டி.பி-யா வெச்சு, 'மீட்டிங்ல இருக்கேன், அந்த ஃபைலை உடனே அனுப்பு'ன்னு புது நம்பரில் இருந்து மெசேஜ் வந்தால் அனுப்பாமல் இருப்போமா? ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டால் குட்டு உடைந்துவிடும். ஆனால், மேனேஜருக்கு போன் போட நமக்குத்தான் பயமாச்சே!

டீம் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து காட்டச் சொன்னார். வேலையை விட்டுப் போன ரெண்டு பேர் அதில் இன்னும் ஜாலியாக இருந்தார்கள். நாங்கள் அனுப்பிய ஃபைல் எல்லாம் அவர்களுக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

மொத்தமாகத் தடை போட்டால்? 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 ஆப்களை அழிக்கச் சொன்னது ராணுவம். அங்கே அது நடக்கும். நம்ம ஆபீஸில் தடை போட்டால், மேஜைக்கு அடியில் வைத்து சாட் பண்ணுவோம். ஆபீஸ் ஃபைலுக்கு ஆபீஸ் மெஷின், அரட்டைக்கு சொந்த போன் என்று பிரித்து வைப்பதுதான் எனக்கு நடக்கிற காரியமாகத் தெரிகிறது.

இதையெல்லாம் ஏரிக்கரையில் சொன்னதும் நண்பன் ஒருத்தன் மெதுவாக போனை நீட்டினான். 'ஹெச்.ஆர். மேடம்' அனுப்பிய லிங்க். அந்த கம்பெனியின் வெப்சைட்டில் இருந்த நம்பருக்கு மறுநாள் போன் போட்டோம். "அந்தப் பேர்ல இங்கே யாரும் இல்லையேப்பா!"

லிங்க்கை அழித்துவிட்டான். மேடத்தை மட்டும் இன்னும் பிளாக் பண்ணலை. டி.பி. நல்லா இருக்காம்!